இன்ஜின் ஏறாத குப்பம்

பிரான்சு தேசத்தில் மோன்வால் என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பொருளாதாரத்தையும் சமூக அறிவியலையும் தவிர வேறெதையும் அங்கே சொல்லித்தர மாட்டார்களாம். உலகத்து மந்திரிகளில் பாதிப் பேர் அங்கே படித்துவிட்டு வந்தவர்கள் என்று எங்கள் பாலகுரு சொல்வார். உலகம் இருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

அந்த மோன்வாலில் எங்கள் குப்பத்துக்குத் தனி மரியாதை உண்டு. புதுச்சேரியில், பழைய சாராய ஆலைக்கு வடக்கே, கடலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கிற குப்பம் இது. டவுனுக்குள்ளேயே பாதிப் பேருக்கு எங்களைத் தெரியாது. ஆனால் மோன்வாலில் படிக்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் மனப்பாடம். பரீட்சைக்குக்கூட வருவோமாம். இத்தனை புகழுக்கும் நாங்கள் செய்த சாதனை ஒன்றே ஒன்றுதான். கட்டுமரத்தில் இன்ஜின் மாட்டாமல் இருந்தோம்.

என் பெயர் சின்னக்கண்ணு. பக்கிரியும் நானும் ஒரே கட்டுமரத்துக்காரர்கள். அவன் முன்னால், நான் பின்னால், கையில் துடுப்பு. ஆகவே இந்தச் சாதனையில் எனக்கும் பங்குண்டு.

எண்பதாம் வருஷம் பொங்கல் கழிந்து வந்தார் மிசியே துர்வே. மோன்வாலில் பெரிய பேராசிரியர். வெயிலில் தக்காளியாகச் சிவந்திருந்தார். கூடவே மொழிபெயர்க்கப் பாலகுரு. பாலகுரு எங்கள் குப்பத்தில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, அல்ஜீரியாவில் யாரையோ சுட்டுவிட்டு வந்து, பிரான்சு சர்க்கார் பென்ஷனில் காலாட்டிக்கொண்டு வாழ்கிற பழைய சிப்பாய், ஊர் வழக்கில் சொல்தா. பிரான்சைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

துர்வே சொன்ன விஷயம் இதுதான். எங்கள் குப்பம், வடக்குக் குப்பம் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஒரே கடல், ஒரே வலை, ஒரே வறுமை. அதில் ஒரு குப்பத்துக்கு மட்டும் கட்டுமரத்துக்கு ஒரு இன்ஜின் இனாமாகத் தருவார்கள். இன்னொரு குப்பம் சும்மா இருக்க வேண்டும். சொந்தக் காசில்கூட இன்ஜின் வாங்கக் கூடாது. மூன்று வருஷம் இரண்டையும் அளந்து பார்த்தால், இன்ஜினால் மீனவன் வாழ்வு உயர்கிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு சும்மா இருந்த குப்பத்துக்கும் தருவார்கள்.

"எங்களுக்குக் குடுத்துட்டு அவங்கள சும்மா இருக்கச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டான் பக்கிரி.

பாரபட்சம் கூடாது, இது விஞ்ஞானம் என்றார் துர்வே. அதற்காக எங்கள் கண் முன்னாலேயே பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டினார். மோன்வாலில் அத்தனை படித்த மனிதர், கடைசியில் எங்கள் தலையெழுத்தைப் பூவா தலையா போட்டுத்தான் பார்த்தார். வடக்குக் குப்பத்துக்கு விழுந்தது.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஆனால் எங்கள் நாட்டார் அரிகிருஷ்ணனுக்கு துர்வே பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவராக இருந்து மணலில் உட்கார்ந்தே பழகியவர். நாற்காலி சூடேறியதும் அவருக்கு எல்லாம் சரியாகப் பட்டது. துர்வே தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டதும் இன்னும் சரியாகப் பட்டது. அந்தக் கோட்டைச் சித்திரை வெயிலிலும் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்கத் திரிந்த மனிதர் அவர்.

துர்வே கேட்டது ஒரு தலையசைப்பு. நாங்களோ எதையும் அரைகுறையாகச் செய்கிறவர்கள் அல்ல. கற்பூரம் ஏற்றாத வாக்கு எங்களுக்கு வாக்கே இல்லை. எல்லையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடி, துர்வே கையால் வெற்றிலை பாக்கு வைக்கச் சொல்லி, கற்பூரத்தின் மேல் அவர் உள்ளங்கையைக் காட்ட வைத்து, ஊர்க்கட்டுப்பாடு போட்டோம். மிசியே வந்து எடுக்கச் சொல்லும்வரை இந்தக் குப்பத்தில் எந்த மரத்திலும் இன்ஜின் ஏறாது. மீறினவர்களை ஊர் தள்ளி வைக்கும். நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, செத்தால் தூக்க ஆள் இல்லை. துர்வேக்கு ஒரே பூரிப்பு. நிறைய போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததைச் சொல்ல மோன்வால் வேண்டாம். வடக்குக் குப்பத்து மரங்கள் விடியும் முன்னே போய், நாங்கள் பாதி தூரம் துடுப்புப் போடும்போதே எதிரே மீனோடு திரும்பும். போகிற போக்கில் கையை வேறு ஆட்டுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பெரிய மார்க்கெட்டில் கூடையைக் காலி செய்துவிட்டு வெற்றிலை போடுகிற நேரத்துக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் போய்ச் சேருவார்கள். வெயிலேறிய மீனை யார் வாங்குவார்கள்? அங்கே மாடி வீடு எழும்பியது, டேப்ரிக்கார்டர் பாடியது. எங்கள் குப்பத்துக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை.

எங்களுக்கு வந்ததெல்லாம் மாணவர்கள். பிரான்சில் பனி கொட்டுகிற ஜனவரி பார்த்து வருஷா வருஷம் வருவார்கள். நல்ல பிள்ளைகள். குனிந்து குடிசைக்குள் நுழைந்து, பக்கிரியின் மனைவி கொளஞ்சி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போன வருஷத்தைவிட இந்த வருஷம் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ரொம்பவா, கொஞ்சமா, இல்லவே இல்லையா என்று மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"கேக்குறதுக்கு முன்னாடி சந்தோசமாத்தான் இருந்தேன்" என்பாள் கொளஞ்சி.

மூன்று வருஷம் முடிந்தது. துர்வே வரவில்லை. எங்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பரிசு கிடைத்து, அவர் மோன்வாலுக்கே தலைவராகிவிட்டாராம். கட்டுப்பாட்டை எடுக்க வரச் சொல்லிப் பாலகுருவை விட்டு எழுதச் சொன்னோம். பதிலுக்குப் பனி மூடிய மரம் போட்ட வாழ்த்து அட்டை வந்தது. நாட்டார் அதைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார்.

எண்பத்து நாலில் ஐப்பசி அலையில் கரையேறும்போது மரம் புரண்டு பக்கிரியின் வலது தோளில் விழுந்தது. எலும்பு வைத்தியர் இழுத்து உட்கார வைத்தார். உட்கார்ந்ததே தவிர, பழைய தோள் இல்லை. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. துடுப்பு நாலு வீச்சு வீசினால் முகம் வெளுத்துவிடும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். நான் இரண்டு ஆள் வேலை பார்த்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொல்கிறேன். இன்னும் ஒரு மழைக்காலம் அவனோடு கடலில் இறங்க எனக்கே பயமாக இருந்தது. மரத்தை விட்டு இறங்கினால் அவனுக்கு இருக்கிற ஒரே வழி, வடக்குக் குப்பத்தானிடம் கரையில் மீன் பிரிக்கிற கூலி. பக்கிரி அதற்குப் போவதைவிடக் கடலிலேயே போய்விடுவான். இது எனக்கும் தெரியும், கொளஞ்சிக்கும் தெரியும்.

கொளஞ்சிக்குக் கடலூர் துறைமுகத்தில் மெக்கானிக்காக ஒரு தம்பி. உடைசலுக்குப் போன ஒரு இன்ஜினை வாங்கிச் சரிசெய்து, அக்காவுக்கென்று மாட்டு வண்டியில் வைக்கோல் மூடி அனுப்பிவைத்தான். அதைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து எண்ணெய் போடுவாள். தொட்டில் பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். மாட்டத்தான் முடியாது.

ஊர் கூடிய ஒரு நாள், பெண்கள் நிற்கிற இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "நாட்டாரே, எம் புருசனுக்குக் கை இல்ல. ஊர்க்கட்ட எடுத்து வுடுங்க."

"நானா போட்டேன்?" என்றார் நாட்டார். "கேட்டவரு வந்து எடுக்கணும். இல்ல, அவரு செத்துப் போயிருக்கணும். செத்தவன் பேருல கட்டு நிக்காது. ரெண்டுல ஒண்ணு ஆவாம நான் எடுத்தா எல்லையம்மா என்ன சும்மா வுடுவாளா?"

அம்மன் பெயரைச் சொல்லும்போதுகூடக் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டேதான் சொன்னார்.

எண்பத்தாறு ஜனவரியில், மாணவர்களோடு துர்வேயே வந்தார். வெள்ளைக்காரத் தெருவில் காகிதப்பூ படர்ந்த ஒரு வீட்டில் தங்கியிருந்தார். பக்கிரியை இழுத்துக்கொண்டு கொளஞ்சி போனாள். பாலகுருவும் நானும் கூடப் போனோம். கொளஞ்சி மடியிலேயே வெற்றிலை பாக்கு வைத்திருந்தாள். அவர் வந்து அம்மன் முன்னால் அதை வைத்து, எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கால் மணி நேர வேலை.

பாலகுரு எடுத்துச் சொன்னதும் துர்வேயின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னுமா கட்டுப்பாட்டைக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றோம். எழுந்து வந்து பக்கிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலது கை. பக்கிரி பல்லைக் கடித்துக்கொண்டான்.

பிறகு சுவரில் ஒரு பெரிய தாளை விரித்துக் காட்டினார். அதில் இரண்டு கோடு. ஒன்று மேலே மேலே ஏறிப் போனது, அது வடக்குக் குப்பம். கீழே ஒன்று பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது, அது நாங்கள். ஆறு வருஷம் இப்படி ஒரு கோடு உலகத்தில் எவனுக்கும் கிடைத்ததில்லையாம். இன்னும் நாலு வருஷம் போனால் பத்து. இப்போது இன்ஜின் மாட்டினால் கோடு கெட்டுவிடும்.

கொளஞ்சி தாளைப் பார்க்கவில்லை. பக்கிரியின் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினாள். எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. துர்வே குனிந்து அக்கறையாகப் பார்த்தார். பக்கத்திலிருந்த மாணவியிடம் என்னவோ சொன்னார். அந்தப் பெண் உடனே பேனாவை எடுத்தாள்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் கொளஞ்சி.

"தோள் வலி எப்போலேருந்து, எவ்ளோ நேரம் வலிக்குதுன்னு விவரமா கேட்டு எழுதிக்கச் சொல்றாரு" என்றார் பாலகுரு. சொல்லும்போது அவர் தலை குனிந்திருந்தது.

"வந்து வெத்தல வெப்பாரா மாட்டாரான்னு கேளு மாமா."

துர்வே நீளமாகப் பேசினார். பாலகுரு நின்று நின்று சொன்னார். ஊர்க்கட்டுப்பாடு என்பது உங்கள் மக்களின் புனிதமான வழக்கம். வெளியிலிருந்து வந்த நாங்கள் அதில் கை வைப்பது பெரிய தவறு. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் செய்த பாவத்தை மோன்வால் செய்யாது. உங்கள் பண்பாட்டில் தலையிட எங்களுக்கு உரிமை இல்லை.

"போடும்போது எங்க போயிருந்திச்சி இந்த மரியாத?" என்று கேட்டாள் கொளஞ்சி. பாலகுரு முதல் தடவையாக அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார் என்று நினைக்கிறேன். துர்வேயின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு எல்லோருக்கும் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். கொளஞ்சி ஒன்றும் செய்யவில்லை. வெற்றிலையை மடியில் பத்திரமாக முடிந்துகொண்டு வெளியே வந்தாள். குப்பம் வந்ததும் நேரே நாட்டார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நாட்டாரே, மிசியே செத்துட்டாரு."

நாட்டார் பதறி எழுந்தார். "ஐயோ, எப்போ? காலைல கடக்கரையில பாத்தேனே!"

"இப்போதான். நான் பாத்துட்டு வரேன். ஊரக் கூட்டுங்க. கருமாதி பண்ணி கட்ட அவுத்துடலாம்."

ஊர் கூடியது. விஷயம் தெரிந்ததும் நாட்டார் கொதித்தார். "உசுரோட இருக்கறவருக்குக் கருமாதியா? பைத்தியமா புடிச்சிருக்கு?"

"நீங்க பண்ணலையா?" என்றாள் கொளஞ்சி.

நாட்டாரின் ஒரே மகள் சாந்தி, மில்லில் வேலை பார்த்த வேற்று சாதிப் பையனோடு போய்விட்டாள் என்று அவர் இதே கடற்கரையில் அவளுக்கு எள்ளுத்தண்ணீர் இறைத்து, குடம் உடைத்து, ஊருக்கே சோறு போட்டவர். சாந்தி டவுனில் சாரம் பகுதியில் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். கொளஞ்சியிடம்தான் மீன் வாங்குகிறாள்.

"அவ செத்துட்டான்னு நீங்க சொன்னீங்க, ஊரு ஒத்துக்கிச்சி. அவ பேர வாயில எடுத்தா அபராதம்னு வெச்சீங்க. உங்க பொண்ணு சாகலன்னா சொல்லுங்க. நாளைக்கே போயி கூட்டிக்கினு வரேன். அவ செத்தது நெசம்னா இவரும் செத்தவருதான்."

அந்தக் கணத்தில் சாந்தி சாகவில்லை என்று அந்த மனிதர் சொல்லிவிட மாட்டாரா என்று நான் ஏங்கினேன். சொல்லவில்லை. பெண்ணைவிடக் கௌரவம் பெரிது. "சரி, செத்தவருதான்" என்றார் கடைசியில். "குடம் உடைக்க வாரிசு வேணுமே?"

"அவரு கோட்டப் போட்டுக்கினு திரியறது நீங்கதான?" என்றான் பக்கிரி. அன்று அவன் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் காலை துர்வே மாணவர்களோடு விடைபெற வந்தபோது, கடற்கரையில் மணலைக் குவித்து ஆள் நீளத்துக்கு ஒரு பொம்மையைப் படுக்க வைத்திருந்தோம். சங்கும் சேகண்டியும் முழங்கிக்கொண்டிருந்தன. இது என்ன சடங்கு என்று கேட்டார்.

"இது உங்களுக்காகத்தான் மிசியே" என்றார் பாலகுரு. பொய் சொல்லிப் பழகாத மனிதர், அன்றும் சொல்லவில்லை.

துர்வே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். மாணவர்கள் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார்கள். தன் கருமாதிக்குத் தானே முன்வரிசையில் நிற்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அழுகை இல்லாமல் சாவு உண்டா? ஒப்பாரிக்குக் கொளஞ்சியே முன்னால் உட்கார்ந்தாள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு தோளோடு தோள் சேர்ந்தார்கள்.

"கப்பலேறி வந்தீங்களே, கடலோரம் அளந்தீங்களே,
ஒட்டின வயித்த அளந்தவரே, ஒருவாய்ச் சோறு போடலியே…"

முதல் இரண்டு அடிக்கும் முந்தானைகளுக்குள்ளே களுக்கென்ற சத்தம் கேட்டது. மூன்றாவது அடியில் கொளஞ்சியின் குரல் உடைந்தது.

"எழும்பாத தோளிருக்க, ஏறாத மரமிருக்க,
படுத்துக் கெடன்னு சொல்லிப்புட்டு பாதியில போனீங்களே…"

அதற்குமேல் அவளால் பாட முடியவில்லை. மணல் பொம்மையின் நெஞ்சில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு அழுதாள். மார்க்கெட்டில் கடைசியாகப் போய் உட்கார்ந்த காலைகளுக்கெல்லாம் சேர்த்து அழுதாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது, அழுதேன். துர்வே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு விருந்தாளியை வழியனுப்ப இந்த மக்கள் எப்படி அழுகிறார்கள் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொன்னாராம். பாலகுரு பிறகு சொன்னார்.

நாட்டார் கோட்டைக் கழற்றி மணல் பொம்மையின் மேல் போட்டார். தோளில் குடத்தோடு மூன்று சுற்று வந்து, பின்பக்கமாகப் போட்டு உடைத்தார். "ஆளு போய்ட்டாரு. அவரு பேருல இருந்த கட்டும் போச்சி. எல்லாரும் முழுகுங்க, திரும்பிப் பாக்காம போங்க" என்றார்.

ஊரே கடலில் இறங்கி முழுகியது. பக்கிரி ஈரத்தோடு குடிசைக்குப் போய், சாக்கு மூட்டையை இடது தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். நான் மரத்தைத் தள்ளினேன். சாக்கை அவிழ்த்து இன்ஜினை மாட்டிக் கயிற்றைச் சுண்டினோம். இருமியது. மறுபடி சுண்டினோம். பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் துர்வேக்கு உறைத்திருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒரு கத்தல் கேட்டது. பிரெஞ்சில் கத்தினார், இங்கிலீஷில் கத்தினார், "வேணாம், வேணாம்" என்று தெரிந்த தமிழிலும் கத்தினார். மணலில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அந்தக் கரையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. காரியம் முடிந்து வருகிறவர்களைப் பின்னாலிருந்து எது கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் அது. மரம் அலையைத் தாண்டுகிறவரை நாங்களும் திரும்பவில்லை.

கரையில் நடந்ததைக் கொளஞ்சி அன்று சாயங்காலம் சொன்னாள். ஈரப்புடவையோடு கடலைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். பக்கத்தில் பாலகுரு.

"இன்னா மாமா, யாரோ கத்துற மாதிரி இல்ல?"

பிரான்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிற சொல்தா காதைத் தீட்டிக் கேட்டாராம்.

"யாரும் இல்லியேம்மா" என்றாராம்.